சவரக்கத்திப் பிடியும் அக்காவின் கண்ணும்

போன மாதம் என் பிள்ளை ஃபோனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "மா, யே தேக்கோ. ஹேண்ட்மேட் ரேசர்", இதைப் பார் என்று இந்தியில் சொன்னான். அவனுக்குத் தமிழ் புரியும், பேசத்தான் வாய் வராது. வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் மடக்குச் சவரக்கத்திக்கு மரப்பிடி செய்து, அதன்மேல் உடனே ஒட்டிக்கொள்ளும் பசையைச் சொட்டு விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். விரிசல் ஒட்டுவதற்கு அல்ல, மெருகுக்கு. பூச்சின்மேல் பூச்சாகப் போட்டுத் தேய்த்தால் மரம் கண்ணாடிக்குள் இருப்பதுபோல ஆகிவிடும். பிள்ளைக்கு அது பெரிய அதிசயம்.

நான் பசையைப் பார்க்கவில்லை. அந்த ஆள் மூக்கையும் வாயையும் மூடி முகமூடி போட்டிருந்தார். கையில் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் விரியத் திறந்திருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஃபோனைப் பிடுங்கிக் கட்டிலில் குப்புறப் போட்டேன். "கியா ஹுவா மா?" என்ன ஆச்சு என்று முழித்தான். அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்களிடம் சொல்கிறேன். நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது புரியும். முழங்கால் வலிக்கிற வயதில் இருக்கிறோம், இனிமேல் யாருக்குப் பயந்து எதை மறைக்க வேண்டும்?

நாங்கள் தெலுங்கும் இந்தியும் புழங்குகிற திருமுல்கேரியில் இருந்தோம். பட்டாளத்துச் சுவரை ஒட்டிய பழைய வரிசை வீடுகளில் ஒன்று. தாத்தாவின் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்தவர். வந்தவர் வந்தவர்தான், யாரும் திரும்பிப் போகவில்லை. அப்பா பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் தொழிற்சாலையில் கதவடைப்பு. அப்பா காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போவார், கோஷம் போடுவார், மத்தியானமே வந்துவிடுவார். வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். வேலை செய்து பழகிய ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது மாதிரிக் கொடுமை ஒன்றும் இல்லை. கடிகாரத்தைக் கழற்றுவார், மாட்டுவார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டே அதைக் கெடுத்தார்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு முடி வெட்டுகிற சாச்சாவுக்குத் திருமுல்கேரி பஜாரில் ஒரு சின்னக் கடை. இரண்டு நாற்காலி, ரசம் போன கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே ஒரு ரேடியோ. சாச்சாவின் சவரக்கத்தி அவருடைய அப்பா காலத்து ஜெர்மன் கத்தி. அந்தக் கத்திகள் தேயுமே ஒழியப் போகாது. பிடிதான் உடையும். ஒரு நாள் பிடி உடைந்துபோய், சாச்சா நூல் சுற்றி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். அப்பா பார்த்தார். அவருக்கு மறுபடி உயிர் வந்தது.

"குடு சாச்சா, நான் போட்டுத் தரேன்."

"நக்கோ மிஸ்திரி. யே உஸ்தரா ஹை, தர்வாஸா நை." வேண்டாம், இது கதவில்லை, கத்தி என்று சாச்சா சிரித்தார். ஆனாலும் கொடுத்தார்.

பட்டாளத்து மெஸ்ஸில் ஏலம் போட்ட உடைந்த நாற்காலிகள் எங்கள் பின்கட்டில் கிடந்தன, அடுப்பெரிக்க வாங்கியது. அதில் ஒரு கால் தோதகத்தி மரம். அதை அறுத்து இரண்டு மெல்லிய பட்டைகள் எடுத்து, அரம் போட்டு வளைவு கொடுத்து, பித்தளை ஆணி அடித்துப் பிடி செய்தார். மரத்துக்கு என்ன பூசுவது? வார்னிஷ் பூசினால் சவரத் தண்ணீரில் பத்து நாளில் உரிந்துவிடும். தொழிற்சாலையில் எதையோ உடனே ஒட்டுவதற்கு ஒரு பசை வைத்திருப்பார்கள், அது தண்ணீருக்கு அசையாது என்று அவருக்குத் தெரியும். ராணிகஞ்சில் தேடி ஒரு குப்பி வாங்கி வந்தார். பழைய பனியன் துணியைச் சுருட்டி அதில் பசையை ஊற்றினார். ஊற்றின உடனே துணி புகைந்தது. அப்பா அலறிக்கொண்டு உதறினார், துணி விரலோடு ஒட்டிக்கொண்டது. நானும் அக்காவும் சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

பருத்தித் துணி பட்டால் இந்தப் பசை சூடேறிப் புகையும். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. அக்காதான் பால் பாக்கெட்டைக் கழுவிச் சின்னச் சதுரமாக வெட்டி, விரலில் சுற்றிக்கொண்டு தடவிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. ஒரே சீராகப் படிந்தது. அன்று முதல் மெருகு வேலை அக்காவுடையது.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். கை நடுங்காது அவளுக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மயிரிழை மாதிரிப் பசையை இழுப்பாள். ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு பூச்சு ஆனதும் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பாள். முதலில் மொத்தமும் மங்கிப்போக வேண்டும். எங்கேயாவது ஒரு பொட்டு மின்னினால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பொட்டும் மறைகிற வரைக்கும் தேய்த்து, பிறகு நைஸ் பேப்பர், பிறகு அதைவிட நைஸ், கடைசியில் ஃபிளானல் துணியில் பித்தளைப் பாலிஷ். அவசரப்பட்டு ஓரத்தில் ஒரு இழுப்பு கூடினால் பூச்சு கிழிந்து மரம் வெளியே வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அக்கா அப்போதுகூடத் திட்டமாட்டாள். நான் திட்டுவேன். என் ஜடை நுனி ஒரு தடவை மேஜையில் ஒட்டிக்கொண்டு, கத்தரித்துத்தான் என்னை எடுத்தார்கள்.

சாச்சா பிடியைப் பார்த்தார். கத்தியைத் திறந்தார், மூடினார். வெளிச்சத்தில் திருப்பினார். "ஹவ் மிஸ்திரி. ஐசைச் ஹோனா" என்றார். இப்படித்தான் வேண்டும். அடுத்த வாரம் நான்கு கத்திகள் வந்தன. அதற்கப்புறம் பட்டாளத்து நாவிதர்களுடையவை. அவர்களுக்குப் பளபளப்பு என்றால் உயிர், பூட்ஸ் முதல் பித்தளைப் பொத்தான் வரை. கதவடைப்பு நீண்டுகொண்டே போனது. எங்கள் அடுப்பு சவரக்கத்தியில் எரிந்தது.

அம்மாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. பிடி செய்வது பிரச்சினை இல்லை. சவரக்கத்திக்குப் பிடி செய்வதுதான் பிரச்சினை. அந்தத் தொழில் செய்கிறவர்களைப் பற்றி நம் வீடுகளில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்காதீர்கள். சாச்சா வந்தால் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். அவருக்கு டீ கொடுக்க ஒரு கண்ணாடி டம்ளர் தனியாக ஜன்னல் விளிம்பில் இருந்தது. அவர் அதைக் குடித்துவிட்டுத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அப்போது எனக்கு அது வழக்கம். இப்போது நினைத்தால் உடம்பு எரிகிறது.

அம்மாவின் பயம் முழுக்கப் பெரியம்மா மேல்தான். அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா இன்ஜினியர், ஏ.எஸ்.ராவ் நகரில் சொந்த வீடு. பெரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வருவாள். அதற்காக அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டாள். சாத்தியதோடு விடாமல் நியூஸ்பேப்பரை ஒட்டி மறைத்தாள். வேலை நடக்கிற அறை அதுதான். அந்த ஒரு ஜன்னல்தான் அதற்கு. பெரியம்மாவின் குரல் கேட்டால் மேஜைமேல் போர்வை விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். "இன்னாடி இது, வூட்டுக்குள்ள கண்ணைக் கரிக்குது?"

"மிளகா வறுத்தேன்கா."

"எவ்ளோ மிளகா வறுத்தே? ஊரையே தாளிச்சுட்டியா?"

அக்கா போர்வைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கையைப் பின்னால் கட்டியிருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து நகம் மாதிரி இறுகியிருந்தது. பெரியம்மா அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "இன்னாடி கண்ணு இப்படிச் செவந்துகீது? அழுதியா?"

"தூக்கம் பத்தல பெரீம்மா" என்றாள் அக்கா. அம்மா சொல்லிக் கொடுத்திருந்த பதில்.

அந்தப் பசையின் ஆவி கண்ணைத் தேடிப் போகும். மழைக்காலம் வேறு. ஈரக் காற்றில் பூச்சு வெள்ளை பூத்துவிடும் என்று அக்கா ஒரு மரப்பெட்டிக்குள் பல்பு எரியவிட்டுப் பட்டைகளைச் சூடாக வைத்திருப்பாள். அந்த அறையில் பெட்டியின் சூடும் பசை ஆவியும் நான்கு பேர் மூச்சும். ஜன்னலைத் திறந்திருந்தால் பாதி எரிச்சல் போயிருக்கும். நான் அம்மாவிடம் கேட்டேன், திட்டு வாங்கினேன். பெரியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெரியவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

அப்போதுதான் அக்காவுக்கு வேலை வந்தது. நாச்சாரத்தில் ஒரு தனியார் கம்பெனி, ரேடியோவுக்கு உள்ளே போகிற பாகங்கள் செய்கிறவர்கள். பெண்களை எடுத்தார்கள், கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு மெல்லிய கம்பிகளைப் பற்றவைக்கிற வேலை. பரீட்சையும் கைவேலையும் அக்கா முதலாவதாக முடித்தாள். டாக்டர் சர்ட்டிபிகேட் மட்டும் பாக்கி. கம்பெனி சொன்ன லேடி டாக்டரிடம் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் விட்டால் பசையை எடுப்பேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா அக்காவின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லித் திரைக்குப் பின்னால் நர்ஸிடம் அனுப்பினாள். அப்புறம் அம்மாவிடம் தெலுங்கில் கேட்டாள், கண் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, என்ன காரணம் என்று.

அம்மா ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "சின்னப்பட்டி நுஞ்சி மேடம்." சின்ன வயதிலிருந்தே.

"அம்மா, பசைன்னு சொல்லும்மா" என்றேன் நான்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சும்மா கிள்ளு இல்லை, திருகிய கிள்ளு. டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, குழந்தை சிணுங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். மழை வந்தால் அதிகமாகுமா என்று கேட்டாள். அம்மா ஆமாம் என்றாள். வீட்டில் மருந்து போட்டீர்களா? போட்டோம், கேட்கவில்லை என்றாள். ஒரு பொய்க்குத் துணையாக இன்னும் இரண்டு பொய். டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். இந்தக் கண்ணோடு லென்ஸ் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெற்றவளே சொன்னால் அவள் வேறென்ன எழுதுவாள்?

பஸ்ஸில் அக்கா அந்தச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு, "பலகையெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிச்சேனே, ஏன் இப்படி எழுதினா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொடை எரிந்தது. நான் சொல்லிவிட்டேன்.

"உனக்குச் சின்ன வயசுலேர்ந்து கண்ணு நோய்னு அம்மா சொல்லிட்டா."

அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நெசமாவா?"

"பின்ன இன்னா சொல்லச் சொல்றே? சவரக்கத்தி செய்யுறோம்னா? உங்க பெரியம்மா வூட்டுக்கு ரெண்டு தெரு தள்ளிதான் அந்தம்மா இருக்கு. நாளைக்கி எப்படி முகத்துல முழிக்கிறது?"

"உன்னை யாரு முழிக்கச் சொன்னா? நான்தானே வேலைக்குப் போவணும்?"

"சின்ன வயசுலேர்ந்து இருக்கிறது தானா பழகிடும்னு வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன்டி."

இதைத்தான் நான் இன்றுவரை ஜீரணிக்க முடியாமல் இருக்கிறேன். அம்மா கெட்டவள் இல்லை. பிறவி நோய் என்றால் யாரும் குற்றம் சொல்ல முடியாது, சவரக்கத்தி என்றால் சொல்லுவார்கள். அவள் கணக்கில் நோய் மானம், தொழில் அவமானம். அந்தக் கணக்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாம் நம் வீட்டுப் பெரிய மனிதர்கள்தான்.

மறுநாள் அக்கா அம்மா இல்லாமல், என்னை மட்டும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் கிளம்பினாள். கைப்பையில் சாச்சாவுக்குச் செய்துவைத்திருந்த புதுச் சவரக்கத்தியும் பசைக் குப்பியும். டாக்டரம்மா நிமிர்வதற்குள் கத்தியை மேஜைமேல் எடுத்து வைத்தாள். மூலையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த கம்பவுண்டர், "அம்மோ, கத்தி!" என்று ஸ்டூலோடு பின்னால் போனார்.

"பயப்படாதீங்கண்ணா, மூடித்தான் இருக்கு" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அக்கா டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "மேடம், நேத்து அம்மா சொன்னது பொய். நான் இதுக்குப் பாலிஷ் போடுறேன். பசை ஆவி கண்ணுல படுது. அவ்ளோதான்."

டாக்டரம்மா பிடியைத் தொட்டுப் பார்த்தாள், நம்பாமல் சிரித்தாள். பசையாவது, பாலிஷாவது என்றாள். அக்கா குப்பியைத் திறந்தாள். மேஜைமேல் இருந்த தட்டிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துப் போட்டு அதில் பசையை நான்கு சொட்டு விட்டாள். பஞ்சு சுருங்கிப் புகைந்தது. வெள்ளைப் புகை நேராக டாக்டரம்மாவின் முகத்துக்குப் போனது. அவள் இருமினாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். கம்பவுண்டர் வெளியே ஓடிவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டேன்.

கண் தெளிய நேரம் ஆனது. தெளிந்ததும் டாக்டரம்மா கோபமாகத்தான் பேசினாள். ஆனால் பேசியது நியாயம். "மூணு வாரம் இந்தக் கருமத்துப் பக்கம் போகாதே. கம்பெனிக்கு நான் சொல்லி நிறுத்தி வைக்கிறேன். அப்புறம் வா, பார்க்கிறேன். ஆனால் வரும்போது உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. பிறவி நோய் என்று சொன்னது அவர். இல்லை என்று அவர்தான் சொல்ல வேண்டும்."

அக்கா வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள். அப்பாதான் தலையைச் சொறிந்தார். பட்டாளத்து நாவிதர்களுக்கு ஒரு பெட்டி நிறையப் பிடிகள் மெருகு போடாமல் காத்துக்கொண்டிருந்தன.

"இந்த ஒரு லாட் மட்டும் முடிச்சுக் குடுத்துடும்மா. அப்புறம் தொடவே வாணாம்."

"நக்கோ நைனா."

"கண்ணைக் கட்டிக்கினு செஞ்சாலும் உனக்கு வரும்..."

"கண்ணைக் கட்டிக்கினு வேலைக்குப் போவ முடியாது நைனா."

அப்பா தானே உட்கார்ந்தார். ஃபிட்டர்தான், இரும்பை மயிரிழைக்கு ராவுவார். இந்தப் பசைக்கு வேண்டிய பொறுமை அவரிடம் இல்லை. ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் போட்டார். பெட்டியில் பல்பு எரிகிறதா என்று பார்க்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. பிடிகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போயின. சாச்சா எடுத்துப் பார்த்தார். "அரே, யே கைக்கு சஃபேத் ஹோகயா மிஸ்திரி? ஏன் வெளுத்துச்சு? இதுக்கும் நரைச்சுப் போச்சா, உனக்கு மாதிரி?" வியாபாரத்துக்குத் தமிழ் கற்றவர் அவர். சிரித்துக்கொண்டே சொன்னார், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அப்பா அன்று சாப்பிடவில்லை. அதுவரை அக்கம்பக்கத்து நாவிதர்கள் புகழ்ந்ததெல்லாம் 'மிஸ்திரி கை' என்றுதான். அந்தக் கை யாருடையது என்று அப்பா ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஒரு சத்தம் கேட்டது. அம்மா ஜன்னலில் ஒட்டியிருந்த பேப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கதவு மழையில் ஊறி இறுகியிருந்தது. அம்மிக்குழவியால் நான்கு இடி இடித்துத் திறந்தாள். மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, பால் பாக்கெட் சதுரத்தை விரலில் சுற்றினாள்.

"எப்படிடி தடவுறே? கிட்ட வராதே. அங்கியே நின்னு வாயால சொல்லு."

அக்கா வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னாள். "அழுத்தாதம்மா. ஒரே இழுப்பு. பாதியில நிறுத்தாதே. ஐயோ, நிறுத்தாதேன்னா நிறுத்துறியே!"

"கத்தாதேடி, கை நடுங்குது."

வெளுத்த பூச்சை எல்லாம் தேய்த்து எடுத்து, மறுபடி போட்டாள் அம்மா. அக்கா அளவுக்கு வரவில்லை. ஆனால் சாச்சா திருப்பிக் கொடுக்காத அளவுக்கு வந்தது. ஜன்னல் திறந்திருந்தும் பழக்கம் இல்லாத கண் அவளுடையது, அருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று மூக்கு தொடுகிற அளவுக்குக் குனிந்து செய்வாள். மூன்று வாரத்தில் அக்காவின் கண் பால் மாதிரித் தெளிந்தது. அம்மாவின் கண் மிளகாய்ப் பழம் மாதிரி ஆனது.

போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் பெரியம்மா வந்தாள். அப்பா பெரியப்பாவிடம் வேலை விஷயத்தை உளறியிருக்கிறார். "அந்த டாக்டரம்மா எனக்குத் தெரிஞ்சவதான். நானும் வரேன். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள் பெரியம்மா. அம்மாவின் முகம் செத்துப்போனது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பெரியம்மாவுக்கு முன்னால் ஜன்னல் திறந்திருந்தது, மேஜைமேல் போர்வை. அம்மா அவ்வளவு தூரம்தான் வந்திருந்தாள்.

கிளினிக்கில் கூட்டம். பெரியம்மா எல்லோரையும் தாண்டிக்கொண்டு உள்ளே போய், "மா பிள்ள அண்டி", எங்கள் வீட்டுப் பெண் என்று எங்களை அறிமுகம் செய்தாள். டாக்டரம்மா அக்காவின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தலையை ஆட்டிக்கொண்டாள். பேனாவை எடுத்தாள். அப்புறம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"மீக்கேமைந்தி?" உங்களுக்கு என்ன ஆச்சு?

டாக்டரம்மா எழுந்து வந்து அம்மாவின் கண்ணை விரித்துப் பார்த்தாள். அதே சிவப்பு. அவள் அக்காவிடம் திரும்பித் தெலுங்கில் சொன்னாள்: "அம்மாவுக்கும் இருக்கிறதே. அப்போது இது பரம்பரையாக வருவதுதானே? மழைக்கு வந்து, தானாகப் போகிறது. இன்று போய்விட்டது என்று எழுதினால் அடுத்த மழைக்கு நீ என்ன செய்வாய்?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். நான் தொடையைக் கையால் மூடிக்கொண்டேன்.

பெரியம்மா தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்தாள். "எங்க வம்சத்துல இந்த மாதிரி கண்ணு வியாதியெல்லாம் கெடையாதும்மா. இது அவங்க அம்மா வழியில..."

"வியாதி இல்லக்கா" என்றாள் அம்மா.

தமிழில்தான் சொன்னாள். அப்புறம் தெலுங்கில் டாக்டரம்மாவுக்குச் சொன்னாள். சவரக்கத்திக்குப் பிடி செய்கிறோம், வீட்டிலேயே செய்கிறோம், பசை பூசுகிறோம். மகள் பூசும்போது மகளுக்கு இப்படி இருந்தது, இப்போது நான் பூசுகிறேன், எனக்கு இப்படி இருக்கிறது. பிறவி நோய் என்று நான் சொன்னது பொய். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். டாக்டரம்மா அந்த விரல் நுனிகளைப் பிடித்து மேஜையில் தட்டிப் பார்த்தாள். பசை இறுகிய விரல்கள் மேஜைமேல் டக் டக் என்று கேட்டன. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சவரக்கத்தியா?" என்றாள் பெரியம்மா. "யாருக்குடி?"

"சவரம் செய்யுறவங்களுக்குத்தான். வேற யாருக்கு? மூணு மாசமா அதுலதான்கா சோறு துன்றோம். நேத்து நம்ம வூட்ல நீ துன்னதும் அதுதான்."

டாக்டரம்மா பேனாவை எடுத்து எழுதினாள். கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கிழித்து அக்காவிடம் கொடுக்காமல் அம்மாவிடம் நீட்டினாள். கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்தும் எழுதினாள், அம்மாவுக்கு.

வெளியே வந்ததும் பெரியம்மா ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு, எங்களை ஏறச் சொல்லாமல், தனியாக ஏறிப் போய்விட்டாள். அதற்கப்புறம் பல வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. ஆட்டோ போவதையே அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுகிறாளா, பசைக்கண்ணா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சீட்டை அக்காவிடம் கொடுத்தாள்.

"இன்னா எழுதியிருக்கா? படி."

அக்கா மெதுவாகப் படித்து அர்த்தம் சொன்னாள். கண் நன்றாக இருக்கிறது, எல்லா வேலைக்கும் லாயக்கு.

"காதுல வுழல. சத்தமா படி."

அக்கா படித்தாள். ஸ்டாப்பில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் படித்தாள்.